ஒரு குச்சி பன்னீர் ரோஜா

மூன்று வருடத்தில் 11 ரோஜாச் செடிகளைக் கொன்றிருக்கிறேன். காலித் தொட்டிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். மாமியார் ஒருநாள் அவற்றை எண்ணிவிட்டு, "இந்தக் காசுக்கு வருஷம் பூராவும் கோயம்பேட்டுல பூ வாங்கியிருக்கலாமேம்மா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடி மண். மண் என்று சொல்கிறேன், தோண்டினால் பாதி செங்கல் துண்டும் சிமென்ட் காரையும்தான் வரும். வீடு கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் மேஸ்திரி அங்கேதான் புதைத்திருந்தார். தண்ணீர் போர்வெல் தண்ணீர். ஒரு வாரம் குடத்தில் பிடித்து வைத்தால் உள்ளே வெள்ளையாகப் பொருக்கு கட்டும். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல்தான் நான் ரோஜா வளர்க்கப் போனேன்.

வாங்கியதெல்லாம் தள்ளுவண்டியில் வரும் 'பெங்களூர் ரோஸ்'. உள்ளங்கை அளவுக்கு ஒரு பூ, நாலு மொட்டு, பளபளவென்று இலை. வீட்டுக்கு வந்ததும் அந்த மொட்டுகள் மலரும். அடுத்த மாதம் இலை மஞ்சளாகும், நுனியிலிருந்து குச்சி கருகிக்கொண்டே இறங்கும், அப்புறம் ஒருநாள் எல்லாம் முடிந்துவிடும். 2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது நாலு செடி ஒரே மாதத்தில் போயின. அதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. மீதி ஏழும் என் கையால் போனவைதான்.

ஒன்று மட்டும் சாகவில்லை. ஆறடிக்கு வளர்ந்தது, தளதளவென்று இலை விட்டது. ஒரு வருடம் ஆகியும் ஒரு பூ இல்லை. ஒட்டுச் செடியில் மேலே ஒட்டிய நல்ல ரகம் செத்துப்போய், அடியிலிருக்கும் காட்டு ரோஜா கிளம்பி வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு வருடம் அதற்குத்தான் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஜா என்று பலரும் சொல்வார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு இலைக் காம்பு வரும். செடியின் அடித்தண்டில் ஒரு முண்டு மாதிரிப் புடைப்பு இருக்கும், அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அதற்குக் கீழேயிருந்து ஒரு தளிர் கிளம்பினால், எத்தனை அழகாக இருந்தாலும் அடியோடு கிள்ளி எறிய வேண்டும். கத்தரித்தால் போதாது, மறுபடி இரண்டாகக் கிளம்பும். பிடித்து இழுத்துப் பிய்க்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போது தெரியாது. அந்தச் செடிகளின் வேரைச் சுற்றி உருண்டையாகச் செம்மண் ஒட்டியிருக்கும். உறையைக் கிழித்து அப்படியே நட்டுவிடுவேன். அந்த உருண்டை காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். வெளியே நாம் போட்டிருக்கும் எருவும் கலவையும் ஈரமாக இருக்கும், உள்ளே வேர் தாகத்தில் இருக்கும். செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது அந்த உருண்டை வாங்கியது போலவே இருந்தது, ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டுச் செடி வாங்குபவர்கள் அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பாதி மண்ணையாவது மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள்.

சரி, பன்னீர் ரோஜா கதைக்கு வருகிறேன். அந்த 2019 ஆடி மாதம் நிலக்கோட்டைப் பக்கம் பெரியம்மா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். விடிகாலையில் கிணற்றடிக்குப் பல் தேய்க்கப் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் முட்புதர் மாதிரி ஒன்று. அதில் இளஞ்சிவப்பாக, சின்னதாக, இதழ்கள் கசங்கினது போல ஒரு ஐம்பது பூ இருக்கும். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த இடம் முழுக்க வாசனை. சின்ன வயதில் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் சொம்பிலிருந்து தெளிப்பார்களே, அந்த வாசனை. பெரியம்மா அதற்கு எரு வைத்ததில்லை, மருந்து அடித்ததில்லை. துவைக்கிற தண்ணீர் வடிந்து போகும் பக்கத்திலேயே இருந்தது, அவ்வளவுதான்.

"ஒரு குச்சி குடு பெரியம்மா" என்றேன். பத்துப் பன்னிரண்டு குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வாழைமட்டையால் கட்டிக் கொடுத்தது.

ஊருக்கு வந்ததும் எல்லாவற்றையும் நட்டேன். பத்து நாளில் எல்லாக் குச்சியிலும் தளிர். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருபதாம் நாள் வாடின, மாதம் முடிவதற்குள் மொத்தமும் கருப்பு. ரோஜாக் குச்சி நடுபவர்கள் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முதலில் வரும் அந்தத் தளிர் வேரிலிருந்து வருவதில்லை. குச்சிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சத்தை வைத்து அது துளிர்க்கிறது. அந்தச் சத்து தீருவதற்குள் அடியில் வேர் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் இல்லை. வேர் வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது செடி இல்லை, குச்சிதான்.

போனில் சொன்னேன். பெரியம்மா கேட்டது: "வேர் விட்டுருச்சான்னு புடுங்கிப் பாத்தியா?"

"ரெண்டு மூணு தடவ பாத்தேன்."

"அப்படிப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தா அது எப்பத்தா வேர் விடும்?"

ஐப்பசியில் மறுபடி ஒரு கட்டுக் குச்சி, ஊரிலிருந்து வந்த தம்பி கையில் வந்து சேர்ந்தது. இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். எது வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன். பூத்து முடிந்த கிளையிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி எடுக்க வேண்டும். இளந்தண்டு அழுகும், மரமாக முற்றினது வேர் விட வெகுநாள் ஆகும். ஒரு சாண் நீளம், அதில் நாலு கணு. அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. மேலே ஒரு இலையைப் பாதியாக வெட்டி விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். மண் என்று பார்த்தால் ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் பாதிக்குப் பாதி. எரு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், வேர் இல்லாத குச்சிக்கு எரு எதற்கு, அழுகத்தான் உதவும். மேலே தண்ணீர் பாட்டிலை அடிப்பக்கம் வெட்டிக் கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வைத்தேன். வெயில் நேரடியாகப் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடம்.

தேன் தடவுவது, கற்றாழைச் சாற்றில் முக்குவது, உருளைக்கிழங்கில் குத்தி நடுவது எல்லாவற்றையும் இந்த ஆறு வருடத்தில் செய்து பார்த்துவிட்டேன். உருளைக்கிழங்கில் குத்தியதில் உருளைக்கிழங்குதான் முளைத்தது. தேனும் கற்றாழையும் தடவியதற்கும் தடவாததற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உரக்கடையில் விற்கும் வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு நட்டதில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் மாதம்தான். சித்திரையில் நட்டால் என்ன தடவினாலும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று இருக்கும்போது நட்டால் சும்மாவே வரும்.

பன்னிரண்டில் மூன்று பிழைத்தன. 2020 தை மாதம் அவற்றை மண்ணில் வைத்தேன்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பன்னீர் என்றால் பட்டர் மசாலாதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் மகன், பால்கட்டிக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். அவனுக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தச் செடியின் பூர்வீகம் எனக்குத் தெரிந்தது. நம் ஊரில் பன்னீர் ரோஜா என்று விற்பதில் பெரும்பகுதி எட்வர்டு ரோஜா. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளிலும் அந்தப் பெயர்தான். பன்னீரும் அத்தரும் எடுக்கும் டமாஸ்க் ரோஜாவுக்கும் சீனத்து ரோஜாவுக்கும் பிறந்த கலப்பு அது. கலந்தது எங்கே என்றால் இந்தியப் பெருங்கடலில், மொரிஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவில். அன்றைக்கு அதன் பெயர் பூர்போன். தோட்டக்காரர்கள் அங்கே இந்த இரண்டு ரோஜாவையும் வேலியாக நடுவார்களாம், வேலியில் தானாக விழுந்த கன்று இது என்று ரோஜாவின் வரலாற்றை எழுதுபவர்கள் சொல்கிறார்கள். 1810-களின் கடைசியில் அதன் விதை பாரீசுக்குப் போய், பூர்போன் ரோஜா என்று ஒரு வம்சமே உண்டானது. கரும்பு வெட்ட நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன அதே தீவு. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "இது எங்க மாமியா நட்டது" என்று முடித்துவிட்டது.

பூர்வீகம் தெரிந்ததில் எனக்குக் காரியமும் ஆனது. டமாஸ்க் ரோஜாவிடமிருந்து வாசனை, சீன ரோஜாவிடமிருந்து வருடம் முழுக்கப் பூக்கும் குணம், தீவுக்காரச் செடி என்பதால் வெக்கையும் ஈரமும் தாங்கும் உடம்பு. குளிர்நாட்டு ரகங்களை மாடியில் வைத்து மே மாதம் குடை பிடித்ததெல்லாம் வீண் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. கொடைக்கானலில் இருந்துகொண்டு வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா ரகங்களை உருவாக்கும் வீரராகவனும் கிரிஜாவும் பல வருடங்களாக இந்தக் குறையைப் போக்கத்தான் பாடுபடுகிறார்கள். நம் நாட்டிலேயே விளையும் காட்டு ரோஜாக்களைக் கலந்து, வெக்கையைத் தாங்கும் ரகங்களைக் கொண்டுவருகிறார்கள். குச்சியாக நட்ட செடி என்பதால் இன்னொரு நிம்மதியும் உண்டு. அடியிலிருந்து என்ன கிளம்பினாலும் அதே பன்னீர் ரோஜாதான், பிய்த்து எறிய வேண்டியதில்லை.

நடும்போது முழங்கால் ஆழம், ஒன்றரை அடி அகலத்துக்குக் குழி. வந்த செங்கல் காரையெல்லாம் பொறுக்கி வெளியே. பழைய மாட்டெரு ஒரு கூடை, செம்மண் ஒரு கூடை, மணல் அரைக்கூடை, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விட்டேன். இரண்டடி விட்டு நெருக்கி நட்டிருந்தால் கரும்புள்ளி நோய் அங்கேயே குடியிருந்திருக்கும்.

முதல் வருடம் நன்றாக வந்தது. ஊரடங்கு காலம், எனக்கும் வேறு வேலை இல்லை, தினமும் அதன் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாவது வருடம்தான் பிரச்சினை. மூன்று செடியும் ஆளுயரத்துக்குக் கம்பு கம்பாக நீண்டன. உச்சியில் மட்டும் நாலு பூ, கீழே மொட்டைக் கால். கூரியர் கொண்டுவந்த பையனின் சட்டையை இரண்டு தடவை முள் கிழித்தது. பெரியம்மா வீட்டில் குத்துப் புதராக இருந்தது இங்கே ஏன் இப்படி என்று யோசித்தால், அங்கே ஆடு கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது! எங்கள் வீட்டில் ஆடு இல்லை. ஆட்டின் வேலையை நான் செய்ய வேண்டியிருந்தது.

கவாத்து பண்ண எனக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. ஆசையாக வளர்த்த செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டு என்றால் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் பன்னீர் ரோஜா புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கிறது. எத்தனை புதுத்தளிரோ அத்தனை பூ. பழைய கம்பைக் காப்பாற்றி வைப்பதில் லாபமே இல்லை. முதலில் காய்ந்தது, கருகினது, குறுக்கே ஓடி இன்னொன்றை உரசுவது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மிஞ்சியதில் தடித்த ஐந்தாறு கம்பு போதும். ஒவ்வொன்றையும் ஒன்றரை அடியில், வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டலாம். வெளிப்பக்கக் கணு எதற்கென்றால், புதுக்கிளை வெளிப்பக்கமாகப் போய் நடுவே காற்றோட்டம் கிடைக்கும். கத்தரியை டெட்டாலில் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயில் கொஞ்சம் மஞ்சள் பூசுவது எங்கள் வீட்டு வழக்கம், பூஞ்சாண மருந்துப் பசை தடவினால் இன்னும் நல்லது.

எப்போது வெட்டுவது? அக்டோபர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் முதல் தடவை அக்டோபரில்தான் வெட்டினேன். வெட்டிய நாலாம் நாள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வெட்டின இடமெல்லாம் நனைந்து, நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து பாதிக் கம்பு போனது. ஓசூர், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அக்டோபர் சரியாக இருக்கலாம். கடற்கரையோரம் இருப்பவர்கள் மழை விட்டபிறகு மார்கழியில் வெட்டுங்கள். நான் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். வெட்டி 45 நாள் வாக்கில் மொட்டு வருகிறது. அதாவது தை கடைசி, மாசி. எங்கள் ஊரில் ரோஜாவுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

பெரிய கவாத்து வருடத்துக்கு ஒரு தடவைதான். அதற்கு நடுவே ஆடு மாதிரிக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பை இரண்டு நல்ல இலைக்குக் கீழே வெட்டிவிடுவேன். அடியிலிருந்து தடியாகக் கிளம்பும் புதுக்கம்பு ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளுவேன், நாலாகப் பிரியும். மீறி நீண்ட கம்பு இருந்தால் வெட்டாமல் வளைத்து, நுனியைத் தரையோடு ஒரு கம்பிக் கொக்கியால் பிடித்து வைத்துவிடலாம். படுத்துக் கிடக்கும் கம்பில் கணுவுக்குக் கணு தளிர் கிளம்பி, ஒவ்வொரு தளிரிலும் பூ வரும். நிமிர்ந்து நிற்கும்போது உச்சித் தளிர் கீழே இருப்பதையெல்லாம் தூங்கவைத்துவிடுகிறது, கம்பைப் படுக்கவைத்தால் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. இப்போது என் செடி மூன்றடி உயரம், மூன்றடி அகலம். சட்டை கிழிவதில்லை.

தண்ணீர்தான் எனக்குத் தீராத தலைவலி. இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பலரும் தழைச்சத்து போதவில்லை என்று யூரியாவைப் போடுவார்கள். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதைப் பூட்டி வைத்துவிடும், வேரால் எடுக்க முடியாது. என் மண்ணிலோ பாதி சிமென்ட் காரை! நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு கிடைக்கும். லிட்டருக்கு 3 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, வெயில் தாழ்ந்தபிறகு இலையில் தெளிப்பேன். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. பழைய இலை தேறாது, புது இலை பச்சையாக வரும். மழைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்துக் கோடையில் வாரம் ஒரு தடவையாவது அதை ஊற்றுவேன். அடியில் எப்போதும் காய்ந்த வேப்பிலைச் சருகு ஒரு சாண் உயரத்துக்கு இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அந்தச் சருகுதான் காப்பாற்றுகிறது, என் தண்ணீர் இல்லை.

எருவில் நான் செய்த தப்புகளில் பெரியது டீத்தூள். காபி வடிகட்டிய சக்கை, டீத்தூள், வாழைப்பழத்தோல், முட்டை ஓடு எல்லாவற்றையும் நேரடியாக வேரில் கொட்டுவேன். சர்க்கரையோடு இருந்த டீத்தூளுக்கு எறும்பு வந்தது. எறும்பு சும்மா வருவதில்லை, மாவுப்பூச்சியையும் அசுவினியையும் மாடு மேய்ப்பது போல மேய்க்கும். அவை கழிக்கும் இனிப்பு நீர் எறும்புக்குச் சாப்பாடு, பதிலுக்கு எறும்பு காவல். ஒரு மாதத்தில் தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. இப்போது சமையலறைக் கழிவு எதுவானாலும் முதலில் மட்கும் தொட்டிக்குப் போய், மூன்று மாதம் கழித்துத்தான் செடிக்கு வரும். மாதம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு ஒரு கைப்பிடியை மூன்று நாள் ஊறவைத்துப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். நாற்றம் குடலைப் பிடுங்கும், விருந்தாளி வரும் நாளில் வேண்டாம். கோழி எருவை அள்ளிப் போட்ட ஒரு வருடம் இலை வெற்றிலை அகலத்துக்கு வந்தது, பூ வரவில்லை.

பூச்சியைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், பத்து நாளுக்கு ஒரு முறை சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மிதந்து இலையைச் சுட்டுவிடும். கோடையில் இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரிச் சிலந்திப்பேன் வந்தால் மருந்து தேடாமல் ஹோஸ் பைப்பால் காலையில் பீய்ச்சி அடியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். கரும்புள்ளி விழுந்த இலையைக் கீழே கிடக்க விடாதீர்கள், அடுத்த மழையில் மண்ணிலிருந்து தெறித்து மறுபடி மேலே ஏறும்.

மழைக்காலத்து மொட்டு இன்னொரு ஏமாற்றம். இதழ் நெருக்கமாக உள்ள பூ என்பதால் நாலு நாள் தூறல் இருந்தால் வெளி இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மொட்டு விரியாமலேயே பழுப்பாகி அழுகிவிடும். நோய் என்று பயந்து மருந்து அடித்திருக்கிறேன். அது நனைந்த காகிதம் ஒட்டுவது போலத்தான். கிள்ளிப் போட்டுவிட்டு மழை விடும்வரை காத்திருக்கலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மதிலுக்குள் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்தபிறகு மூன்று செடியும் நன்றாகத்தான் இருந்தன. பத்து நாள் கழித்து, மண் ஈரமாக இருக்கும்போதே மூலையில் இருந்த செடி வாடத் தொடங்கியது. வேர் மூச்சு முட்டி அழுகியிருக்கிறது. அது தெரியாமல், வாடுகிறதே என்று இன்னும் ஒரு குடம் ஊற்றிவிட்டேன். ஈர மண்ணில் செடி வாடினால் தண்ணீர்க் குடத்தைத் தொடாதீர்கள். அந்தச் செடி போனபிறகு, மதில் ஓரம் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி ஒரு அடி மேடாக்கித்தான் அடுத்ததை வைத்தேன்.

இத்தனை பாடும் எதற்கு என்றால் அந்த வாசனைக்குத்தான். கடையில் விற்கும் நீளக் காம்பு ரோஜாவை முகர்ந்து பாருங்கள், பச்சை இலை வாசனைக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஓசூர் பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மஹால் மாதிரியான ரகங்களைத் தேர்ந்தெடுத்ததே பெட்டியில் போய்ச் சேரும்வரை வாடாமல் இருக்கத்தான். அப்படித் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வாசனை வழியில் உதிர்ந்துவிட்டது. ரோஜாவுக்குள் வாசனைப் பொருள் உண்டாகும் ஒரு வழியை 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு குறிப்பிட்ட என்சைம் வேண்டும், வாசனையற்ற ரகங்களில் அது ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. பன்னீர் ரோஜா இதற்கு நேர் எதிர். காலையில் விரியும், மத்தியானம் தொட்டால் உதிரும், ஜாடியில் வைக்க லாயக்கில்லை. வாசனை மட்டும் காய்ந்த இதழிலும் நிற்கும்.

ஆறரை மணிக்குள் பறித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற வாசனை எண்ணெய் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் கிலோ பூ வேண்டும். அத்தர் எடுக்கிறவர்கள் விடிவதற்குள் பறித்து முடிப்பது வேறு எதற்காக? மாசி மாதப் பனியில் பறித்த பூவும் வைகாசியில் பறித்த பூவும் ஒரே செடியில் வந்தவை என்று நம்ப முடியாது. வைகாசிப் பூ கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், வாசனையும் பேருக்கு. அந்த மாதங்களில் மொட்டையே கிள்ளிவிட்டுச் செடிக்கு ஓய்வு கொடுக்கிறேன்.

மாமியாருக்குத் தினமும் சாமி படத்துக்கு நாலு பூ. மீதி இதழ் குல்கந்துக்கு. 100 கிராம் இதழுக்கு 100 கிராம் பொடித்த கற்கண்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு அடுக்கு இதழ் ஒரு அடுக்கு கற்கண்டு, மேலே வெள்ளைத்துணி கட்டி மூன்று வாரம் வெயிலில். தினமும் ஈரமில்லாத கரண்டியால் ஒரு கிளறு. 100 கிராம் இதழ் சேர எனக்கு நாலைந்து நாள் ஆகிறது, வரவர அடுக்கிக்கொண்டே போகலாம். பூக்கடை இதழில் இதைச் செய்யாதீர்கள், அதில் அடித்த மருந்தெல்லாம் கற்கண்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய்கூட நான் மொட்டு வந்தபிறகு அடிப்பதில்லை.

இந்தக் கார்த்திகையில் 14 குச்சி நட்டேன். பாட்டிலால் மூடி, வரிசையாக மாடிப்படிக்குக் கீழே, பழைய காலித் தொட்டிகளில்தான். ஒன்பதில் இரண்டாவது தளிர் வந்துவிட்டது, நிச்சயம் வேர் பிடித்திருக்கும். எதிர்வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்தில் மூன்று பேருக்கு, மாமியாரின் தங்கைக்கு இரண்டு என்று சொல்லி வைத்தாகிவிட்டது. நேற்றுக் காலை போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் தள்ளி வைத்திருக்கிறது, குச்சி சாய்ந்து நிற்கிறது. மகன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வேர் விட்டுருக்கான்னு சும்மா பாத்தேம்மா. விட்டுருக்கு. இத்தனூண்டு, வெள்ளையா."

மறுபடி ஊன்றி, ஒரு தம்ளர் மழைத்தண்ணீர் விட்டு, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தேன். இப்போது எட்டுதான் கணக்கு.